காற்றுக்கு மதிப்பெண் போட்டவர்



சிதம்பரத்தை ஒட்டியிருக்கும் அண்ணாமலை நகரிலிருந்து வடகிழக்கே போனால் பரங்கிப்பேட்டை வரும். வெள்ளாறு வங்கக் கடலில் கலக்கும் ஊர் அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் ஆற்று நீரையோ, இறால் குட்டை நீரையோ சோதிக்கப் போகிறவர்கள் கையில் ஒரு சின்னக் கருவி இருக்கும். நீண்ட கம்பி, அதன் நுனியில் விரல் மொத்தத்தில் ஒரு குழல், மேலே எண் காட்டும் பெட்டி. தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்கும் கருவி அது. சுருக்கமாக டி.ஓ. மீட்டர் என்பார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தண்ணீரை அளக்க வந்த கருவியை எடுத்த எடுப்பிலேயே தண்ணீரில் விட மாட்டார்கள். முதலில் அதை ஈரமான காற்றில் கொஞ்ச நேரம் வைத்திருப்பார்கள். காற்றைக் காட்டி, இதுதான் நூறு என்று அதற்குக் கற்றுக் கொடுப்பார்கள். அதன் பிறகுதான் ஆற்றில் இறக்குவார்கள். இந்தக் கற்றுக் கொடுக்கும் வேலைக்கு அளவுத்திருத்தம் என்று பெயர். ஆய்வகத்தில் காலிபரேஷன் என்பார்கள்.

தண்ணீரை அளக்கக் காற்றை ஏன் காட்ட வேண்டும்? காற்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்படிக் காற்றுக்கு மதிப்பெண் போட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஜோசப் பிரீஸ்ட்லி. ஆக்சிஜனைக் கண்டுபிடித்தவர் என்று உங்கள் அறிவியல் புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

மீனும் மூச்சு விடும்

அதற்கு முன் ஒரு செய்தி. மீனும் இறாலும் நண்டும் நம்மைப் போலவே ஆக்சிஜனைத்தான் சுவாசிக்கின்றன. தாத்தா பாட்டி பிராண வாயு என்று சொல்வார்களே, அதுதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கிடைப்பது, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மட்டுமே. அது எவ்வளவு தெரியுமா? ஒரு லிட்டர் காற்றில் 200 மில்லி லிட்டருக்கு மேல் ஆக்சிஜன் இருக்கிறது. நம் ஊர் வெயிலில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைந்து நிற்கக்கூடியது 6 மில்லி லிட்டர் கூடத் தேறாது. எடையில் சொன்னால் சுமார் 7.5 மில்லி கிராம். கடல் நீர் என்றால் உப்பின் காரணமாக இன்னும் குறைவு. 6 மில்லி கிராமை ஒட்டித்தான் வரும்.

இந்தச் சிறு கையிருப்பில்தான் குட்டையில் உள்ள அத்தனை உயிர்களும் காலம் தள்ளுகின்றன. பகலில் நீர்ப்பாசிகள் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனைத் தயாரித்துக் கொடுக்கும். இரவில் அந்த வேலை நின்றுவிடும். ஆனால் எல்லா உயிர்களும் இரவு முழுவதும் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதனால் விடியற்காலையில் குட்டையில் ஆக்சிஜன் மிகவும் குறைந்து போகும். இறால் வளர்ப்பவர்கள் அந்த நேரத்தில் மீட்டரைப் பார்த்துத்தான் நீரைக் கலக்கும் ஏரேட்டர்களை ஓட விடுவார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குட்டையில் உண்மையாக இருப்பது 2 மில்லி கிராம். கெட்டுப்போன மீட்டர் 5 என்று காட்டுகிறது. உரிமையாளர் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார். காலையில் எழுந்து வந்தால் மாதக்கணக்கில் வளர்த்த இறால்கள் செத்துக் கிடக்கும்! கருவி இல்லாதவனாவது பயந்து விழித்திருப்பான். தவறான கருவியை நம்புகிறவன்தான் ஏமாந்து போவான்.

சரி, இனி பிரீஸ்ட்லியிடம் போவோம்.

சிலந்தி வளர்த்த சிறுவன்

இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு அருகே பீல்டுஹெட் என்ற சிற்றூரில் 1733-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் தேதி பிரீஸ்ட்லி பிறந்தார். தந்தை கம்பளித் துணிகளைச் சீர்செய்து மெருகேற்றும் தொழில் செய்தவர். வீட்டில் ஆறு பிள்ளைகள். பிரீஸ்ட்லிதான் மூத்தவர். அவருக்கு ஆறு வயதானபோது தாய் இறந்துவிட்டார். குழந்தையில்லாத அத்தை சாரா அவரைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று சொந்த மகனைப் போல வளர்த்தார்.

பதினொரு வயதில் இந்தப் பையன் என்ன செய்தான் தெரியுமா? சிலந்திகளைப் பிடித்துப் புட்டியில் போட்டு மூடினான். புதுக் காற்று இல்லாமல் அவை எத்தனை நாள் உயிரோடு இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தான்! பிரீஸ்ட்லியின் தம்பி பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். மூடிய புட்டிக்குள் இருக்கும் காற்றுக்கு என்ன ஆகிறது என்ற அந்தக் கேள்வி அவரைக் கடைசி வரை விடவில்லை.

படிப்பில் கெட்டிக்காரர். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் ஆகிய மொழிகளைச் சிறு வயதிலேயே கற்றார். நோய்வாய்ப்பட்டுப் படிப்பு தடைப்பட்டபோதும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன் மொழிகளைத் தாமே படித்துக்கொண்டார். ஆனால் அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. வாழ்நாள் முழுவதும் அந்தத் திக்கலோடு போராடிக்கொண்டே பாடம் நடத்தினார், சொற்பொழிவும் ஆற்றினார். திக்குகிறதே என்று வகுப்பில் கைதூக்கத் தயங்கும் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவக் குடும்பம். அப்படிப்பட்டவர்களுக்கு அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற வழியில்லை. எனவே டேவன்ட்ரி என்ற ஊரிலிருந்த ஒரு தனிக் கல்விக்கூடத்தில் படித்து மதபோதகர் ஆனார். நான்ட்விச் என்ற ஊரில் பள்ளிக்கூடமும் நடத்தினார். கிடைத்த சொற்ப வருமானத்தில் மிச்சம் பிடித்து மாணவர்களுக்காக ஒரு காற்றுப் பம்பும், மின்சாரம் உண்டாக்கும் இயந்திரமும் வாங்கினார். பிள்ளைகள் கையாலேயே அவற்றை இயக்கிப் பார்க்கச் செய்தார். நானும் ஆசிரியராக இருந்தவன். பிரீஸ்ட்லியின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பின்னர் வாரிங்டன் கல்விக்கூடத்தில் ஆசிரியரானார். 1762-ல் மேரி வில்கின்சனை மணந்தார். லண்டனில் பெஞ்சமின் பிராங்க்ளினைச் சந்தித்தார். ஆமாம், பட்டம் விட்டு மின்னலைச் சோதித்தவர் என்று சொல்வார்களே, அவரேதான். அவர் கொடுத்த ஊக்கத்தால் மின்சாரத்தின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதி 1767-ல் வெளியிட்டார். இன்னொரு சுவையான செய்தி. பென்சில் எழுத்தை அழிக்க ரப்பர் நன்றாகப் பயன்படுகிறது என்று 1770-ல் தம் நூல் ஒன்றில் எழுதியவரும் இவர்தான். இன்று உங்கள் ஜியாமெட்ரி பாக்ஸில் அந்த ரப்பர் இருக்கிறது!

சோடா பிறந்த கதை

1767-ல் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகருக்குக் குடிபோனார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மதுவடிக்கும் ஆலை. அங்கே பெரிய தொட்டிகளில் பார்லி ஊறல் நுரைத்துக்கொண்டிருக்கும். அந்த நுரைக்கு மேலே ஏதோ ஒரு காற்று தங்கியிருப்பதைக் கவனித்தார். எரியும் குச்சியை அதில் நீட்டினால் அணைந்துவிடும். இப்போது நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயுதான் அது.

அந்தக் காற்றுக்குள் கையை நீட்டி, ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினார். நம் ஊர் டீக்கடைகளில் டீ ஆற்றுவது போல! சில நிமிடங்களில் தண்ணீர் சுருக்கென்று நாக்கைக் கிள்ளியது. வாயு தண்ணீரில் கரைந்துவிட்டது. சோடாத் தண்ணீர் தயார்! பிறகு, ஆலைக்குப் போகாமலேயே அதைத் தயாரிக்கும் முறையை 1772-ல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். காசு பார்க்க நினைக்கவில்லை. இன்று நாம் கோலி சோடாவை உடைக்கும்போது புஸ்ஸென்று வருகிறதே, அந்தக் கதையின் தொடக்கம் இதுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத வாயு தண்ணீருக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் நிறையக் கரையும். சூடானால் வெளியே ஓடிவிடும். வெயிலில் வைத்த சோடாவில் காரம் இருக்காது, பார்த்திருப்பீர்கள். ஆக்சிஜனும் அப்படித்தான். அதனால்தான் டி.ஓ. மீட்டர் தண்ணீரின் வெப்பத்தையும் சேர்த்தே அளக்கிறது.

புதினாவும் எலியும்

மூடிய பாத்திரத்துக்குள் மெழுகுவர்த்தியை எரியவிட்டால் சிறிது நேரத்தில் அணைந்துவிடும். எலியை விட்டால் கொஞ்ச நேரத்தில் மயங்கி விழும். உள்ளே இருந்த காற்று கெட்டுவிட்டது என்று பிரீஸ்ட்லி நினைத்தார். உலகத்தில் எவ்வளவோ நெருப்பு எரிகிறது, எவ்வளவோ உயிர்கள் மூச்சு விடுகின்றன. அப்படியானால் உலகத்துக் காற்று முழுவதும் இதற்குள் கெட்டிருக்க வேண்டுமே! அதை யார் சரி செய்கிறார்கள்?

1771 ஆகஸ்டு மாதத்தில், மெழுகுவர்த்தி எரிந்து அணைந்த காற்றுக்குள் ஒரு புதினாத் தளிரை வைத்தார். பத்து நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவர்த்தியை நீட்டினார். அது நன்றாக எரிந்தது! செடிகள் காற்றைப் புதுப்பிக்கின்றன என்பது அன்று தெரிந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடும், குட்டையில் இருக்கும் பச்சைப் பாசியும் பகலில் செய்வது இதே வேலையைத்தான். இந்த ஆய்வுகளுக்காக லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் கோப்ளி பதக்கம் வழங்கியது.

எலியை வைத்து அளக்கலாமா?

ஆனால் அவருக்கு ஒரு சிக்கல். ஒரு காற்று எவ்வளவு நல்லது என்பதை எப்படி அளப்பது? அதுவரை எலிதான் மீட்டர். எலி எத்தனை நிமிடம் தாக்குப்பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஆனால் ஒரு எலி குண்டாக இருக்கும், ஒன்று நோஞ்சானாக இருக்கும். ஒன்று பயந்து துடிக்கும், ஒன்று சும்மா படுத்திருக்கும். இரண்டு எலிகள் ஒரே மாதிரி இருக்குமா? எலிக்கும் பாவம், துன்பம்.

1772-ல் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. இப்போது நாம் நைட்ரிக் ஆக்சைடு என்று சொல்லும் வாயுவைச் சாதாரணக் காற்றோடு கலந்தால் செம்பழுப்பு நிறப் புகை உண்டாகும். அந்தப் புகை தண்ணீரில் கரைந்துவிடும். எனவே, தண்ணீர் மேல் கவிழ்த்த கண்ணாடிக் குழாயில் இதைச் செய்தால் உள்ளே இருக்கும் வாயுவின் அளவு சுருங்கும். காற்று நல்லதாக இருந்தால் நிறையச் சுருங்கும். கெட்டதாக இருந்தால் குறைவாகச் சுருங்கும். மூச்சுக்கு உதவாத காற்று சுருங்கவே சுருங்காது.

பிரீஸ்ட்லி ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். சோதிக்க வேண்டிய காற்று 2 பங்கு, நைட்ரிக் ஆக்சைடு 1 பங்கு. ஆக மொத்தம் 3 பங்கு. திறந்த வெளியிலுள்ள சாதாரணக் காற்றை இப்படிச் சோதித்தால், கடைசியில் ஏறத்தாழ 1.8 பங்கு மிஞ்சும். இதுதான் அவருடைய எடைக்கல். வேறெந்தக் காற்றைச் சோதித்தாலும் இந்த 1.8-ஓடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.

மளிகைக் கடைத் தராசில் எடைக்கல் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இது. பிரீஸ்ட்லி தேர்ந்தெடுத்த எடைக்கல்லைப் பாருங்கள்! அதை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். எந்த ஊருக்கும் சுமந்து போக வேண்டாம். லீட்ஸிலும் அதே காற்று, லண்டனிலும் அதே காற்று, நம் பரங்கிப்பேட்டையிலும் அதே காற்று. ஈரத்தைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நூற்றில் ஏறத்தாழ 21 பங்கு ஆக்சிஜன்.

ஏமாற்றிய அளவுகோல்

1773 முதல் பிரீஸ்ட்லி, ஷெல்பர்ன் பிரபுவின் நூலகத்தைக் கவனித்துக்கொண்டு அவருடைய பிள்ளைகளின் கல்வியையும் மேற்பார்த்தார். ஆய்வு செய்ய நேரமும் இடமும் கிடைத்தன. 1774 ஆகஸ்டு 1-ஆம் தேதி, 12 அங்குலம் அகலமுள்ள பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்து, சிவப்பு நிறப் பாதரசப் பொடி ஒன்றைச் சூடாக்கினார். அதிலிருந்து ஒரு வாயு வெளிவந்தது. அந்த வாயுவில் மெழுகுவர்த்தியைக் காட்டினால், அது கண்ணைக் கூசும் ஒளியோடு எரிந்தது! (பாதரசம் கொடிய நஞ்சு. நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்கக் கூடாது.)

1775 மார்ச் மாதம் இந்தப் புது வாயுவைத் தம் அளவுகோலில் சோதித்தார். வழக்கம்போல வாயு 2 பங்கு, நைட்ரிக் ஆக்சைடு 1 பங்கு. விடை என்ன வந்தது? ஏறத்தாழ சாதாரணக் காற்றைப் போலவே சுருங்கியது! ஆகவே இது சாதாரணக் காற்றுக்குச் சமமானது என்று நினைத்துவிட்டார்.

எங்கே தவறு? ஒரு சின்ன எடுத்துக்காட்டு சொல்கிறேன். 10 கிலோ வரை மட்டுமே காட்டும் ஒரு தராசு இருக்கிறது. அதில் 10 கிலோ அரிசி வைத்தாலும் முள் 10-ல் நிற்கும். 50 கிலோ மூட்டையை வைத்தாலும் 10-லேயே நிற்கும், இல்லையா? பிரீஸ்ட்லி சேர்த்த 1 பங்கு நைட்ரிக் ஆக்சைடு, சாதாரணக் காற்றை அளக்கத்தான் போதும். இந்த வீரியமான வாயுவில் அது முழுவதும் தீர்ந்து போயிற்று. அதற்குமேல் அளக்க அளவுகோலில் இடமில்லை.

ஆனால் பிரீஸ்ட்லிக்கு மனசு உறுத்தியது. சோதனை முடிந்து மிஞ்சியிருந்த வாயுவில் மெழுகுவர்த்தியைக் காட்டினார். நியாயமாக அது அணைந்திருக்க வேண்டும். நன்றாக எரிந்தது! உடனே ஓர் எலியைப் புது வாயுவுக்குள் விட்டார். அந்த அளவு சாதாரணக் காற்றில் கால் மணி நேரம்தான் எலி தாங்கும். இந்த எலியோ அரை மணி நேரம் தாங்கியது. செத்துவிட்டதோ என்று வெளியே எடுத்து நெருப்பருகே வைத்தால், சிலிர்த்துக்கொண்டு எழுந்தது!

வேறு யாராக இருந்தாலும் மகிழ்ந்து குதித்திருப்பார்கள். பிரீஸ்ட்லி எலியையும் முழுதாக நம்பவில்லை. ஒருவேளை இது மிகவும் வலுவான எலியோ என்று சந்தேகப்பட்டார். எலி சுவாசித்துவிட்டு மிச்சம் வைத்த வாயுவை மறுபடி அளவுகோலில் சோதித்தார். அந்த மிச்சமே சாதாரணக் காற்றைவிட நல்லதாக இருந்தது. அளவுகோலை எலியால் சரிபார்த்தார். எலியை அளவுகோலால் சரிபார்த்தார். பிறகு நைட்ரிக் ஆக்சைடைக் கூடுதலாகச் சேர்த்து, இனிமேல் சுருங்காது என்னும் வரை அளந்தார். புது வாயு, சாதாரணக் காற்றைவிட நான்கு முதல் ஐந்து மடங்கு நல்லது என்று தெரிந்தது.

இதை நீங்களே சரிபார்க்கலாம். காற்றில் ஆக்சிஜன் நூற்றில் 21 பங்கு. தூய ஆக்சிஜன் நூற்றுக்கு நூறு. நூறை 21-ஆல் வகுத்துப் பாருங்கள். 4.76 வரும்! டி.ஓ. மீட்டர் போன்ற மின்சாரக் கருவி எதுவுமில்லாத காலத்தில், ஒரு கண்ணாடிக் குழாயை வைத்து அவர் போட்ட மதிப்பெண் எவ்வளவு சரியாக இருக்கிறது!

அந்த வாயுவைத் தாமும் சுவாசித்துப் பார்த்தார். நெஞ்சு லேசாக, சுகமாக இருந்ததாம். நோயாளிகளுக்கு இது ஒருநாள் உதவலாம் என்று அன்றே எழுதி வைத்தார். இன்று மருத்துவமனைகளில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது.

சரியான அளவு, தவறான விளக்கம்

ஸ்வீடன் நாட்டு ஷீலே என்பவர் பிரீஸ்ட்லிக்கு முன்னரே ஆக்சிஜனைத் தயாரித்துவிட்டார். ஆனால் அவருடைய நூல் 1777-ல்தான் வெளிவந்தது. பிரீஸ்ட்லி 1774 அக்டோபரில் பாரிஸ் போனபோது தம் சோதனையை லவாய்சியரிடம் சொன்னார். லவாய்சியர் அதை மேலும் ஆராய்ந்து, எரியும் பொருள்கள் இந்த வாயுவோடு சேர்கின்றன என்ற உண்மையைக் கண்டார். ஆக்சிஜன் என்ற பெயரையும் வைத்தார்.

பிரீஸ்ட்லி இதை ஏற்கவில்லை. பொருள்கள் எரியும்போது ஃபுளோஜிஸ்டன் என்ற ஏதோ ஒன்று வெளியேறுகிறது என்ற பழைய கொள்கையையே கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தார். எலியைச் சந்தேகித்தவர், அளவுகோலைச் சந்தேகித்தவர், தம் சொந்தக் கருத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை. பெரியவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. ஆனால் அவர் நேர்மையாக அளந்து எழுதிய எண்கள் நிலைத்து நின்றன. மற்றவர்கள் அவற்றை வைத்துக்கொண்டு சரியான விளக்கத்தைத் தேடிக்கொண்டார்கள்.

எரிந்த ஆய்வகம்

1780-ல் பிரீஸ்ட்லி பர்மிங்ஹாம் நகருக்கு வந்தார். நீராவி எந்திரத்தைச் செம்மைப்படுத்திய ஜேம்ஸ் வாட் போன்ற அறிஞர்களோடு பழகினார். இவர்கள் பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் கூடிப் பேசுவார்கள். கூட்டம் முடிந்து நிலா வெளிச்சத்தில் வீடு திரும்பலாம் அல்லவா! அதனால் தங்கள் சங்கத்துக்கே நிலாச் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்களா? 1781 ஜூலை 1-ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயப் படைக்கும் பெரும் போர் நடந்தது. அங்கே பிரீஸ்ட்லி காற்றை அளந்துகொண்டிருந்த காலத்தில்தான் இங்கே வெடிமருந்துப் புகை சூழ்ந்தது.

பிரீஸ்ட்லியின் வாழ்விலும் நெருப்பு வந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அவர் ஆதரித்து எழுதினார். மதத்திலும் அரசுத் திருச்சபைக்கு மாறான கருத்துகளைச் சொன்னார். இதனால் பலருக்கு அவர்மேல் கோபம். 1791 ஜூலை 14-ஆம் தேதி ஒரு கூட்டம் திரண்டு வந்தது. பிரீஸ்ட்லி குடும்பத்தோடு தப்பி ஓடினார். அவருடைய வீடு, நூலகம், ஆய்வகம் எல்லாவற்றையும் அழித்துவிட்டார்கள். பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த குறிப்புகளும், பார்த்துப் பார்த்து வாங்கிய கண்ணாடிக் கருவிகளும் போயின. அப்போது அவருக்கு வயது 58.

அதன்பின் அவரால் அங்கே நிம்மதியாக வாழ முடியவில்லை. 1794-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அதே ஆண்டில் பாரிஸில் லவாய்சியரின் தலை கில்லட்டினில் வெட்டப்பட்டது. காற்றின் ரகசியத்தைக் கண்ட இருவருக்கும் எப்படிப்பட்ட காலம் பாருங்கள்! அமெரிக்காவில் நார்தம்பர்லாந்து என்ற சிற்றூரில், ஆற்றங்கரையில் வீடு கட்டினார் பிரீஸ்ட்லி. வீட்டோடு சேர்த்து ஓர் ஆய்வகமும் அமைத்தார். எல்லாம் எரிந்த பிறகும் மீண்டும் குழாயும் குடுவையுமாக உட்கார்ந்து அளக்கத் தொடங்கினார். 1804 பிப்ரவரி 6-ஆம் தேதி அங்கேயே காலமானார்.

எலியிலிருந்து மீட்டருக்கு

பிரீஸ்ட்லிக்குப் பிறகு ஆக்சிஜனை அளக்கும் வேலை வளர்ந்தது. ஹங்கேரி நாட்டின் லாயோஷ் விங்க்ளர் 1888-ல், தம் 25-வது வயதில், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க அருமையான முறை ஒன்றைக் கண்டார். குமிழி புகாமல் புட்டியில் நீரைப் பிடித்து மருந்துகள் சேர்த்தால், ஆக்சிஜன் பழுப்பு நிறப் படிவாகச் சிக்கிக்கொள்ளும். அமிலம் விட்டால் பொன்னிறமாகும். பிறகு இன்னொரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மறையும் வரை எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட வேண்டும். கடல் உயிரியல் படிப்பவர்கள் இந்த முறையை இன்றும் கற்கிறார்கள்.

1956-ல் அமெரிக்காவின் லேலண்ட் கிளார்க் தம்முடைய மின்முனையை அறிவித்தார். மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு வழியாக ஆக்சிஜன் கசிந்து உள்ளே போகும். உள்ளே இருக்கும் உலோக முனையில் அது மின்னோட்டத்தை உண்டாக்கும். ஆக்சிஜன் அதிகமானால் மின்னோட்டமும் அதிகமாகும். ரத்தத்தில் உள்ள ஆக்சிஜனை அளக்க உருவான இந்தக் கருவி, பிறகு ஆற்றுக்கும் குட்டைக்கும் வந்தது. கழிவு நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கும் வந்தது. நெய்வேலியில் இருப்பது போன்ற அனல் மின் நிலையங்களில், கொதிகலனுக்குப் போகும் நீரில் ஆக்சிஜன் இருந்தால் இரும்பு துருப்பிடிக்கும். அங்கே ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. மிகமிகக் குறைவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இப்போது, ஒளிரும் சாயத்தைக் கொண்டு அளக்கும் மீட்டர்களும் வந்துவிட்டன.

ஆனால் சவ்வு அழுக்காகும், தளரும். சாயம் மங்கும். பாசி படியும். எந்தக் கருவியும் நாளாக ஆக மெல்ல மெல்லப் பொய் சொல்லத் தொடங்கும். அதனால்தான் அளவுத்திருத்தம். ஈரப் பஞ்சு வைத்த மூடிக்குள் கருவியின் நுனியை வைப்பார்கள். அங்கே ஈரம் நிறைந்த காற்று இருக்கும். மீட்டர் வெப்பத்தோடு ஒத்துப்போகும் வரை காத்திருந்து, இதுதான் நூறு சதவீதம் என்று பதிய வைப்பார்கள். காற்றோடு நன்றாகக் கலந்து நிறைந்த தண்ணீரிலும், ஈரக் காற்றிலும் ஆக்சிஜனின் அழுத்தம் ஒன்றுதான். அதனால் காற்றைக் காட்டினால் போதும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். உப்பு நீர் என்றால் எவ்வளவு உப்பு என்றும் சொல்ல வேண்டும். பிறகு, சோடியம் சல்பைட் கரைத்து ஆக்சிஜனை நீக்கிய நீரில் விட்டு, பூச்சியம் காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். சந்தேகம் வந்தால் அதே நீரை விங்க்ளர் முறையில் சோதித்து ஒப்பிடுவார்கள். ஒன்றை இன்னொன்றால் சரிபார்ப்பது! பிரீஸ்ட்லி எலியையும் குழாயையும் வைத்துச் செய்ததும் இதுதானே?

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீரைப் பிடித்து, வெயில் படும் ஜன்னலோரத்தில் வையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் டம்ளரின் உள்பக்கம் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். தண்ணீரில் கரைந்திருந்த காற்று, சூட்டினால் வெளியே வந்திருக்கிறது. மீன்கள் சுவாசிக்கும் ஆக்சிஜனும் அதில் இருக்கிறது.

வீட்டில் கடிகாரமோ, தராசோ, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோ ஓர் எண்ணைக் காட்டினால், அதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள், செல்வங்களே. நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணையும் அவ்வப்போது அப்படிச் சரிபார்த்துக்கொண்டால் நல்லதுதானே!